பிரவுசரில் நான் பூட்டிய ஏழு ஜிக்குகள்

ஓசூர் தொழிற்பேட்டையில் முப்பத்து நான்கு வருடம் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தேன். வண்டிகளுக்கான பித்தளை வால்வுகளை அளந்து, எண்ணி, தேறியதற்குப் பச்சைச் சீட்டும் தேறாததற்குச் சிவப்புச் சீட்டும் கட்டுவது என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகு வால்வுகள் போய்விட்டன, எண்ணும் வழக்கம் போகவில்லை. எங்கள் லேஅவுட்டில் இருநூற்றுப் பதினான்கு வீடுகள். பதினெட்டுத் தெருவிளக்குகளில் ஐந்து எரிவதில்லை. என் வீட்டு மாடிப்படி பத்தொன்பது. எதையாவது எண்ணாமல் உட்கார்ந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். எண்ணினால் அந்தக் கவலை கொஞ்சம் உருப்படியான கவலையாக மாறும், அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் அறிவிப்புப் பலகையைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் சமூக வலைத்தளக் குரூப்பில் போட ஆரம்பித்தபோது எனக்குச் சிக்கல் வந்தது. ஃபோனில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. அதனால் பழைய லேப்டாப் ஒன்றை எடுத்து, அதில் ஒரு பிரவுசரை இறக்கிக்கொண்டேன். சமூக வலைத்தளம் பார்ப்பவர்களுக்கென்றே செய்த பிரவுசர் அது. இடது ஓரத்தில் ஒரு பட்டி நிற்கும். குரூப், செய்திகள், உறவினர்கள், நண்பர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். நாம் மின்கட்டணப் பக்கத்துக்குப் போனாலும் ரயில் நேரம் பார்க்கப் போனாலும் அந்தப் பட்டி கூடவே வரும். கடைக்குப் போகும்போது பின்னாலேயே பேசிக்கொண்டு வரும் சொந்தக்காரர் போல.

முதல் நாள் எண்ணினேன். பொழுது சாய்வதற்குள் நூற்று நாற்பத்து மூன்று செய்திகள். அதில் ஐம்பத்திரண்டு, ரோஜாப்பூவும் தேநீர்க் கோப்பையும் சேர்ந்த காலை வணக்கம். பத்தொன்பது வீடியோ. அவை நான் தொடாமலே ஓட ஆரம்பித்தன. என் மனைவி தன் சித்தி வீட்டுத் துக்கத்தை ஃபோனில் விசாரித்துக்கொண்டிருந்தபோது என் லேப்டாப்பில் திடீரென்று நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. அன்று எனக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது.

அந்த பிரவுசருக்கென்று ஒரு கடை உண்டு, அதில் எக்ஸ்டென்ஷன் என்ற சின்னச் சின்னக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் ஆலையில் இதே வேலையை, துளை விழும் இடத்தை நிறுத்திக் காட்டும் ஜிக் என்ற சட்டம் செய்யும். துளை போடும் எந்திரம் ஒன்றுதான். அதன்மேல் எந்த ஜிக்கைப் பூட்டுகிறோமோ அதற்கேற்ற பொருள் வெளியே வரும். பிரவுசர் எந்திரம், எக்ஸ்டென்ஷன் ஜிக். இதைச் சொன்னபோது என் மனைவி, "ஏங்க, மிக்ஸிக்கே மூணு ஜார்தான். இதுக்கு எத்தன?" என்று கேட்டாள்.

பதினொன்று. ஒரே மத்தியானத்தில் பதினொன்றையும் பூட்டினேன். பிரவுசர் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. பட்டி காணாமல் போனது, எழுத்துகள் தலைகீழ் நிறத்தில் மின்னின, ஒரு பக்கம் தானாகவே மேலும் கீழும் ஓடியது. எனக்கு வெட்கமாகிவிட்டது. எந்திரத்தில் ஒரே நேரத்தில் பதினோரு அமைப்பை மாற்றினால் எதனால் கழிவு வந்தது என்று கடைசிவரை தெரியாது என்பதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எல்லாவற்றையும் கழற்றினேன். நாளுக்கு ஒன்றாகப் பூட்டினேன். காலையிலிருந்து மாலைவரை ஓடவிட்டு, நோட்டில் எழுதி, பச்சை அல்லது சிவப்பு போட்டேன். நான்கு சிவப்பு. ஏழு தேறின.

தானாக ஓடும் வீடியோவை நிறுத்துவதுதான் முதலில் தேறியது, வீட்டில் அமைதிக்காக. இரண்டாவது, செய்திகளைக் கால வரிசையில் அடுக்குவது. வலைத்தளம் தனக்குப் பிடித்ததை மேலே தூக்கி வைக்கும், போன வாரத்துப் பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழே இன்றைய தண்ணீர் லாரி கிடக்கும். இந்தக் கருவி பூட்டியபின் இன்று என்றால் இன்றுதான். எழுத்தைப் பெரிதாக்கி, வெள்ளைத் தாளைப் பழுப்புத் தாளாக்கிக் கண்ணுக்குக் குளிர்ச்சி தருவது இன்னொன்று. எங்கள் லேஅவுட்டில் மூன்று மொழிகளில் சண்டை நடக்கும் என்பதால், கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் கீழே தமிழில் இரண்டு வரி காட்டும் மொழிபெயர்ப்புக் கருவி மிகவும் உதவியது. "தண்ணீர்", "கரண்ட்", "குப்பை" என்று நான் கொடுத்த சொற்கள் எங்கே வந்தாலும் மஞ்சள் பூசிக் காட்டியது ஒன்று. நான் எழுதி வைத்த செய்தியை நான் சொன்ன நிமிடத்தில் அனுப்பியது ஒன்று. ஏழாவது கருவிதான் எனக்கு மிகவும் பிடித்தது. குரூப்பில் வரும் படங்களையெல்லாம் அது கட்டைவிரல் அளவு சாம்பல் கட்டமாக்கிவிடும். ஐம்பத்திரண்டு ரோஜாக்களும் ஒரே நாளில் ஒழிந்தன.

நூற்று நாற்பத்து மூன்று செய்திகளை இப்போது இருபத்திரண்டு நிமிடத்தில் படித்து முடித்தேன். குரூப்பில் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தெம்பில்தான் ஹாரனை எண்ணினேன். எங்கள் லேஅவுட் வாசலில் நான்கு கம்பெனி பஸ்கள் நிற்கும். ஷிஃப்டுக்குப் போகிறவர்களை ஏற்றி, முடித்து வருகிறவர்களை இறக்கிவிடும். விடியற்காலை பஸ்கள் அடிக்கும் ஹாரனில் எனக்குத் தூக்கம் கலையும். பத்து நாள் எண்ணினேன். சராசரி காலைக்குப் பதினேழு. தேதி, நேரம், எந்த பஸ், எத்தனை முறை என்று கட்டம் போட்டு குரூப்பில் ஏற்றினேன். அறுபத்து நான்கு பேர் லைக் போட்டார்கள். அதற்கு முன் என் பதிவுகளுக்கு அதிகபட்சம் ஐந்து.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில், மாடியில் குடியிருக்கும் பெண் கீழே வந்து என் முன்னால் நின்றாள். அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்துக்காரி. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பாகங்கள் பொருத்தும் வேலை. அந்த வாரம் அவளுக்கு பி ஷிஃப்ட், மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து. அவள் வீட்டில் ஆலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

"ஐயா, அடுத்த மாசம் வீட்ட காலி பண்றன்."

"ஏம்மா? தண்ணி வரலையா? மோட்டார நான் நேரத்துக்குத்தானே போடறேன்?"

"தண்ணியெல்லாம் வருதுங்க. வேலைய விட்டுட்டு ஊருக்குப் போறன். பஸ்ஸ வாசல்ல நிக்கக் கூடாதுன்னுட்டு ஹைவேக்கு அந்தாண்ட மாத்தறாங்க இல்ல? ராத்திரி பத்தே முக்காலுக்கு அந்தாண்ட எறங்கி, சப்வேல நடந்து வரணும். எங்கம்மா சொல்லிட்டாங்க, பஸ்ஸு வாசல்ல நின்னாத்தான் வேலை, இல்லாட்டி பொட்டியக் கட்டுன்னு. வேலைக்கு அனுப்பும்போதே அதுதான் பேச்சு."

"யார் மாத்தறாங்க? எனக்குத் தெரியாம?"

"குரூப்புல போட்டிருக்காங்களே. திங்கக்கிழமையே போட்டாங்க. ஓட்டு நடக்குது. நீங்க பாக்கலைங்களா?"

நான் லேப்டாப்பைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். திங்கட்கிழமை, படங்கள் போக, முப்பத்தொரு செய்திகள். ஒன்றிலும் பஸ் இல்லை. அவள் தன் ஃபோனை நீட்டினாள். அதே குரூப், அதே திங்கட்கிழமை. ஒரு பெரிய ரோஜா, ஒரு தேநீர்க் கோப்பை, "இனிய காலை வணக்கம்". அதற்குக் கீழே மஞ்சள் எழுத்தில், பஸ் நிறுத்தத்தை மாற்றுவது பற்றி வீட்டுக்கு ஒரு ஓட்டு, குடியிருப்பவர் யாரும் போடலாம், ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிவரை, முதல் பொத்தான் மாற்றவும், இரண்டாவது பொத்தான் இப்படியே இருக்கட்டும் என்று இருந்தது. பொத்தான்களும் அந்தப் படத்தோடு ஒட்டியே நின்றன. அறிவிப்பை ரோஜாப்பூவின் மேலே எழுதி அனுப்பியிருந்தார் எங்கள் சங்கச் செயலாளர். என் ஏழாவது ஜிக் அதை அப்படியே விழுங்கியிருந்தது.

படத்தைத் திறந்தேன். மாற்ற வேண்டும் என்பவர்கள் நாற்பத்தேழு. இருக்கட்டும் என்பவர்கள் ஒன்பது. பூவுக்கு அடியில் ஆதாரம் என்று ஓர் இணைப்பு இருந்தது. அதைத் தொட்டேன். நான் கட்டம் போட்ட ஹாரன் பட்டியல்.

செயலாளர் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு பேசுவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சங்க அறையில் இருந்தார். நான் உள்ளே போகும்போதே எழுந்துவிட்டார்.

"ரண்டி சார், வாங்க வாங்க! உங்க லிஸ்ட்ட லேமினேட் பண்ணி வெச்சிருக்கன், பாருங்க."

"அத நான் பஸ்ஸ அனுப்பச் சொல்லிப் போடலை சார். ஹாரன் அதிகம்னுதான் போட்டேன்."

"பஸ் போனா ஹாரனும் போவுதில்ல? எப்பிடி ஐடியா?"

"அறிவிப்ப ரோஜாப்பூ மேல எழுதினா யார் பாப்பா?"

"எல்லாரும் பாப்பாங்க. என் பூவுக்குத் தினமும் நாப்பது பேர் வணக்கம் போடறாங்க. நீங்க ஏன் பாக்கலை?"

நான் பேச்சை மாற்றினேன்.

"இன்னொரு வாரம் தள்ளிப் போடுங்க."

"ரூல் ரூல்தான் சார். சங்கத்து ரூல எழுதினதே நீங்க. ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணி. அதுவரைக்கும் நீங்களும் போஸ்ட் போடுங்க, யார் வேணாங்கறாங்க?"

வீட்டுக்கு வந்து நாற்பத்தொரு வரியில் ஒரு பதிவு எழுதினேன். பெண்களின் பாதுகாப்பு, ஹைவேயில் வண்டிகளின் வேகம், சப்வேயில் எரியாத விளக்குகள் மூன்று எல்லாம் அதில் இருந்தன. மத்தியானம் பன்னிரண்டே காலுக்குப் போட்டேன். மூன்று லைக் வந்தது. ஓட்டு ஒன்றுகூட நகரவில்லை. அன்று மாலை மாற்றச் சொல்பவர்கள் ஐம்பத்திரண்டு ஆனார்கள், இந்தப் பக்கம் அதே ஒன்பது.

லேஅவுட்டில் ஆலைக்குப் போகிறவர் இருக்கும் வீடு பாதிக்குமேல் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறும் பெண்கள் மட்டும் முப்பத்தெட்டுப் பேர். அவர்கள் ஏன் ஓட்டுப் போடவில்லை? வெள்ளிக்கிழமை காலை மாடிக்குப் போய் அந்தப் பெண்ணையே கேட்டேன். வேலைக்குக் கட்டிக்கொள்ளும் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்.

"ஐயா, கம்பெனிக்குள்ள ஃபோன் ஏது? கேட்டுலயே லாக்கர்ல வெச்சிடணும். வெளிய வந்து எடுத்தா எரநூறு மெசேஜ் நிக்கும். பஸ்ஸுல ஒக்காந்ததும் மேல என்னா இருக்குதோ அதப் பாப்போம். ரிங் ரோடு திரும்பறதுக்குள்ள தூக்கம் வந்துடும். அடியில கெடக்கறத யாரு தோண்டிப் பாக்கறாங்க? அதுவும் நாப்பது வரியா!"

"நீ மட்டும் எப்படிப் பாத்தே?"

"திங்கக்கிழமை எனக்கு வீக்லி ஆஃப்ங்க. இல்லாட்டி எனக்கும் தெரிஞ்சிருக்காது." படியிறங்கப் போன என்னை நிறுத்தி மேலும் சொன்னாள். "ஹாரன் எதுக்கு அடிக்கறாங்க தெரியுமா? நாங்க லேட்டா வர்றதுக்குத்தான். அஞ்சு நிமிஷம் முன்னாடி நின்னுட்டா டிரைவர் அண்ணன் கை வெக்கவே மாட்டாரு."

நான் பத்தொன்பது படிகளையும் எண்ணாமல் இறங்கி வந்தேன் என்று பிறகுதான் உறைத்தது. லாக்கரிலிருந்து எடுத்த ஃபோனில் மேலே நிற்பது கடைசியாக வந்த செய்தி. ஷிஃப்ட் நேரங்கள் எனக்கு என் பெயரைப்போல மனப்பாடம். ஏ ஷிஃப்ட் இரண்டு மணிக்கு விடும். லாக்கர், கேட், பஸ்ஸில் இடம் பிடிப்பது என்று இருபது நிமிடம். ஆக இரண்டே இருபது. ஜெனரல் ஷிஃப்டுக்கு ஐந்தே முக்கால். பி ஷிஃப்டுக்கு இரவு பத்தே இருபது. சி ஷிஃப்டுக்குக் காலை ஆறே இருபது. சொன்ன நிமிடத்தில் அனுப்பும் ஜிக் என்னிடம் ஏற்கெனவே பூட்டியே இருந்தது. அதுவரை அதை மச்சானின் பிறந்தநாளுக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தேன்.

நாற்பத்தொரு வரியை நான்கு வரியாக்கினேன். "ஹாரனை எண்ணிப் போட்டவன் நான்தான். எண்ணிக்கை சரி, அதை வைத்து எடுக்கும் முடிவு தவறு. பஸ் வாசலிலேயே நிற்க வேண்டுமென்றால் கீழே இரண்டாவது பொத்தானை அழுத்துங்கள், வீட்டுக்கு ஒரு ஓட்டு. ஐந்து நிமிடம் முன்னால் வந்து நின்றால் ஹாரனே தேவையில்லை." ஓட்டுக்கான இணைப்பையும் கீழே ஒட்டினேன். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுக் கன்னடமும் தெலுங்கும் எடுத்தேன். என் மனைவி கெலமங்கலத்தில் வளர்ந்தவள், மூன்றும் சரளம். கன்னடத்தைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இது என்னங்க, கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்குது? இதப் படிச்சா பயந்துகிட்டு ஃபோன ஆஃப் பண்ணிடுவாங்க. நவுருங்க."

அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். தெலுங்கையும் அப்படியே பேச்சு மாதிரி மாற்றினாள். அதில் என்னை ஏதோ கிண்டல் செய்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். தெலுங்கில் மட்டும் நிறைய சிரிப்புப் பொம்மைகள் வந்தன.

வெள்ளி மத்தியானம் இரண்டே இருபதுக்குக் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்தி போனது. இரண்டே இருபத்து மூன்றுக்கு ஒன்பது பத்தாயிற்று. பிறகு பன்னிரண்டு. பதினாறு. இரண்டே நாற்பதுக்கு இருபத்து மூன்று. நான் கைதட்டிவிட்டேன். சமையலறையிலிருந்து, "கிரிக்கெட்டா?" என்று குரல் வந்தது. ஜெனரல் ஷிஃப்ட் முடிந்ததும் முப்பத்தொன்று.

அன்றிரவு வழக்கம்போல லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன். அதுதான் நான் செய்த பிழை. காலை ஐந்தே முக்காலுக்குத் திறந்தபோது, இரவு பத்தே இருபதின் செய்தி அப்போதுதான் என் கண்முன்னால் கிளம்பிப் போனது. லேப்டாப் மூடியிருந்தால் ஜிக் வேலை செய்யாது. மாடிப் பெண்ணின் ஷிஃப்டே தவறிப் போயிற்று என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்போது எண் நகர ஆரம்பித்தது. முப்பத்தேழு, நாற்பத்து நான்கு. விஷயம் பிறகுதான் புரிந்தது. ஏ ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் ஏறி உட்கார்ந்து, லாக்கர் வரும்வரை ஃபோனைக் கையில் வைத்திருக்கும் நேரம் அது. முந்தின நாள் தூங்கிவிட்டவர்களெல்லாம் இப்போது போட்டார்கள். ஆறு மணிக்கு ஐம்பத்து நான்கு. ஆறே இருபதுக்குப் போனதைப் பார்த்துவிட்டு, சி ஷிஃப்ட் முடித்தவர்கள் வந்திறங்குவதற்குள் எழுபத்தொன்று. அந்தப் பக்கம் ஐம்பத்தெட்டு.

சனி காலை ஏழரைக்கு நாங்கள் முந்திவிட்டோம். நான் அதைச் சுவரில் நாட்காட்டியில் எழுதி வைத்தேன்.

பத்து மணிக்குச் செயலாளர் நேரில் வந்தார்.

"சார், ஒரே மெசேஜ எத்தன தடவ போடுவீங்க? ஜனங்க கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க."

"நாலு தடவை சார். நாநாலு பதினாறு வரி. இந்த வாரம் உங்க ரோஜா மட்டும் முப்பத்தொம்பது."

"பூவ எண்ணீங்களா!"

"பாக்கலையே தவிர எண்ணினேன். கட்டம் கட்டமா வருமில்ல."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு என் மனைவி கொடுத்த காபியைக் குடித்தார். "ஹாரன் நிஜமாவே நிக்குமா?" என்று கேட்டார். அவர் வீடு வாசலுக்கு மிக அருகில், மூன்றாவது வீடு. அவருக்கும் விடியற்காலையில் தூக்கம் கலைகிறது என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி நிக்கறோம்னு அவங்களே குரூப்புல எழுதறாங்க. படிச்சுப் பாருங்க."

"படிக்கறன். ஆனா என் ஓட்டு ஒண்ணாவது பொத்தான்தான், போட்டாச்சு. அத மாத்த முடியாது," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் எண்பத்தெட்டு. இரவு லேப்டாப்பை மூடாமல், திரை வெளிச்சத்துக்கு ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் படுத்தேன். ஞாயிறு எழுந்து துண்டை விலக்கினால் நூற்றொன்பது. பதினோரு மணிக்குமேல் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடித்ததும் பொத்தான்கள் மங்கிப் போயின. இப்படியே இருக்கட்டும், நூற்றுப் பதினெட்டு. மாற்றவும், அறுபத்தாறு. போடாத வீடு முப்பது. மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு, சரியாக இருந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் பல லட்சம் வால்வு தேறியிருக்கலாம். இவ்வளவு பெரிய பச்சைச் சீட்டை நான் கட்டியதில்லை.

"ஜெயிச்சாச்சு!" என்று கத்தினேன். என் மனைவி கரண்டியோடு வந்து திரையைப் பார்த்தாள். "என் தெலுங்குக்கு விழுந்தது எத்தனைன்னு உங்க மெஷின் சொல்லுமா?" என்று கேட்டாள். அதைச் சொல்லும் ஜிக் கடையில் இல்லை.

மேலே மாடிப்படியில் காலடி ஓசை கேட்டது. அந்தப் பெண் படியிலேயே நின்று ஊருக்கு ஃபோன் பேசிக்கொண்டிருந்தாள். மலையில் சிக்னல் சரியாக எடுக்காது, அதனால் சத்தமாகத்தான் பேசுவாள்.

"அம்மா, பஸ்ஸு வாசல்லயே நிக்குது... நிக்குதும்மா. மாத்தலை. நான் எங்கயும் வரல, வேலைக்குத்தான் போறன்... ஆமா, வாசல்லதான், கேட்டுக்கு முன்னாடியே... யாரு நிக்க வெச்சாங்களா? எல்லாருந்தாம்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. கீழேயிருந்து தலையை நீட்டினேன்.

"எல்லாரும் இல்லம்மா, நூத்திப் பதினெட்டு வீடு. அறுபத்தாறு பேரு வேணாம்னாங்க. சரியாச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஃபோனில் சொன்னாள். "நூத்திப் பதினெட்டு வீடாம்மா. எங்க வீட்டு ஐயா எண்ணிட்டாரு."